வாசகர் கேள்வி பதில்: குட்டி டிராகன் சாப்பிடவே மாட்டேன் என்கிறது

கேள்வி: அக்கா, வணக்கம். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். வெளிநாடு போன அண்ணாவின் மகன், தான் வளர்த்த பியர்டட் டிராகன் (ஓணான் வகை ஊர்வன) குட்டியை என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மூன்றரை மாதம் என்று சொன்னான். மூக்கிலிருந்து வால் நுனிவரை 16 செ.மீ. இருக்கிறது, தராசில் வைத்தால் 11 கிராம்தான். இரண்டடி மீன்தொட்டியில் மணல் போட்டு, வெள்ளை எல்இடி விளக்கு ஒன்றோடு ஜன்னலோரம் வைத்திருக்கிறோம். கடையில் கேட்டதற்கு, கொழும்பு வெக்கைக்குத் தனியாக பல்ப் எதற்கு என்றார்கள். ஒரு நாளைக்கு நாலு மீல்வோர்ம் புழு சாப்பிட்டாலே பெரிய விஷயம். சலாது இலையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மகன் பயந்துபோய் வாழைப்பழத்தை மசித்து, வாயைத் திறந்து சிரிஞ்சால் ஊட்டுகிறான். இது எப்படிச் சாப்பிட்டு வளரப்போகிறது?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த சிரிஞ்சை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளை அன்பினால்தான் செய்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இவ்வளவு சின்னக் குட்டியின் வாயை விரலால் திறந்து ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம், கல்சியம் குறைந்து எலும்பு மெலிந்திருந்தால் தாடையே உடைந்துவிடலாம். வாழைப்பழத்தில் கல்சியமும் மிகக் குறைவு. உங்கள் குட்டிக்குப் பிரச்சினை வாயில் இல்லை, அது இருக்கும் தொட்டியில் இருக்கிறது. வெப்பமும் வெளிச்சமும் சரியானால் பெரும்பாலும் பசி தானாக வரும், அவை சரியாகாமல் என்ன கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது.

கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இங்கே பல குட்டிகளைக் கெடுக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பியர்டட் டிராகன் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதியைச் சேர்ந்தது. நம் வேலியில் தலையாட்டும் ஓணானும் அதுவும் ஒரே குடும்பம்தான், ஆனால் பழகிய காலநிலை முற்றிலும் வேறு. அதற்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது, வெளியே இருந்துதான் சூட்டை வாங்க வேண்டும். வாங்கி உடம்பு 35 பாகை அளவுக்கு வந்தால்தான் வயிறு ஒழுங்காக வேலை செய்யும். கொழும்பில் நமக்கு வேர்த்து ஊற்றும் பகலில்கூட வீட்டுக்குள் 30, 31 பாகைதான். அது நமக்கு வெக்கை, அதற்குப் போதாது. குட்டி படுத்துச் சூடு காயும் இடத்தின் மேற்பரப்பு 40 பாகையை ஒட்டி இருக்க வேண்டும், இரண்டொரு பாகை கூடினால் பரவாயில்லை. அந்தச் சூடு இல்லாத குட்டிக்குச் சாப்பாட்டைத் திணிப்பது விறகில்லாத அடுப்பில் உலை வைப்பது மாதிரி. உள்ளே போனது செரிக்காமல் கிடக்கும், அப்புறம் பசி எங்கிருந்து வரும்?

அதற்காகத் தொட்டி முழுவதையும் சூடாக்கிவிடாதீர்கள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் ஒதுங்க இடம், இரண்டும் வேண்டும். ஒரு மூலையில் மேலே ஹலொஜன் பல்ப், அதன் கீழே ஒரு டைல் துண்டோ தட்டையான கல்லோ. மறுமூலையில் வெப்பம் 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் வளர்ப்பவர்களுக்குச் சூடாக்குவது பாடு, நமக்கு மறுபக்கத்தைச் சூடேறாமல் வைத்திருப்பதுதான் பாடு. மீன்தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை போடுங்கள். அறையில் மின்விசிறி ஓடட்டும். முடிந்தால் மூன்று நாலு அடிக் கூட்டுக்கு மாறுங்கள், எப்படியும் வளர்ந்தபின் நாலடிக்குக் குறைந்து இது இருக்க முடியாது. ராத்திரியில் பல்ப் வேண்டாம், நம் ஊர் இரவுக்கு அது தேவையே இல்லை.

எத்தனை வொட் பல்ப் என்று கேட்பீர்கள். கூட்டின் உயரத்தையும் வலையையும் பொறுத்து அது மாறும், ஆகவே வொட்டைப் பார்க்காமல் டைலின் சூட்டை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் மின்சாதனக் கடைகளில் துப்பாக்கி வடிவிலான வெப்பமானி கேட்டுப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நீட்டிய வெப்பமானி வீட்டில் கிடந்தாலும் அதை இதற்கு நம்ப வேண்டாம், அது தோல் சூட்டை வைத்து உடம்புச் சூட்டைக் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. தொட்டியின் கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியும் பயன்படாது, அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை.

அடுத்தது யூவிபி. வெப்பத்தைவிடப் பலருக்குத் தெரியாதது இதுதான். புறஊதாக் கதிரில் யூவிபி என்ற பகுதி தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 செய்துகொள்ளும், டி3 இருந்தால்தான் குடலில் கல்சியம் உறிஞ்சப்படும். இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு கல்சியம் தூவினாலும் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும், உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். வளர வேண்டிய குட்டி வளராமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எல்இடி விளக்கில் யூவிபி இல்லை. ஹலொஜனிலும் இல்லை. ஜன்னல் வெயிலிலும் கிடைக்காது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். ஊர்வனவற்றுக்கென்றே வரும் நீளமான டி5 குழாய் விளக்கு, யூவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று பெட்டியில் போட்டிருக்கும், அதுதான் வேண்டும். கூட்டின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல் பல்ப் இருக்கும் பக்கமாகப் பொருத்துங்கள். குட்டியின் முதுகுக்கும் குழாய்க்கும் ஓரடி அளவு இடைவெளி, சரியான அளவை விளக்கோடு வரும் தாளில் பாருங்கள். இடையில் கம்பிவலை இருந்தால் கதிரில் கணிசமான பங்கை அது விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெளிச்சம் வந்துகொண்டிருந்தாலும் யூவிபி குறைந்துவிடும். பகலில் 12 மணித்தியாலம் எரியட்டும். விலை கூடத்தான், ஆனால் மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள், இதில் வேண்டாம்.

அதுவரைக்கும் நம்மிடம் ஓசியில் இருப்பது நல்ல வெயில். காலை எட்டரை, ஒன்பது மணிக்கு பல்கனியில் நேர் வெயில் விழுந்தால் 15, 20 நிமிடம் காட்டலாம். ஆனால் கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வைக்கவே வேண்டாம், சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். வலைக் கூண்டில் வைத்து, பாதிக்குத் துணி போட்டு நிழல் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். வெள்ளவத்தைக் காகங்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மணலை இன்றைக்கே அள்ளிவிடுங்கள். புழுவைக் கவ்வும்போது மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும், சூடு குறைந்த குட்டிக்கு அது குடலை அடைத்துவிடலாம். சமையலறைக் கடதாசி விரித்தால் போதும், மலம் எப்படி இருக்கிறதென்றும் கண்ணுக்குத் தெரியும்.

இனிச் சாப்பாடு. இந்த வயதில் பெரும்பகுதி பூச்சி, கொஞ்சம் இலை. மீல்வோர்ம் மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது, தோல் கடினம், கொழுப்புக் கூட, கல்சியம் மிகக் குறைவு. மீன், பறவை விற்கும் கடைகளில் குட்டிக் கிரிக்கெட் பூச்சியும், பிஎஸ்எப் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) என்கிற ஒருவகைக் கறுப்பு ஈயின் புழுவும் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டாவதில் இயற்கையாகவே கல்சியம் அதிகம். அளவுக்கு ஒரே விதி: குட்டியின் இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. உங்கள் குட்டிக்கு அது அரை சென்டிமீட்டரைச் சுற்றி வரும். கடையில் தரும் நடுத்தரக் கிரிக்கெட் அதற்கு மிகப் பெரிது, கண்டு பயந்து ஒதுங்கும், நீங்கள் பசியில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

வாங்கிய பூச்சிக்கு ஒரு நாள் முன்பே கரட், பூசணி, இலை போட்டு வயிறு நிரப்புங்கள், அது சாப்பிட்டதுதான் குட்டிக்கும் போகிறது. பிறகு ஒரு யோகட் கோப்பையில் ஒரு சிட்டிகை கல்சியம் தூள் போட்டு, பூச்சிகளை விட்டு, மெல்லச் சுழற்றுங்கள். வெள்ளை பூசிக்கொண்டு அவை தடுமாறி நடக்கும். ஒவ்வொன்றாக விடுங்கள். சூடேறிய குட்டி என்றால் முதல் பூச்சி அசைந்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கும், நாக்கு நுனி வெளியே வரும், வால் நுனி இலேசாக வளையும், அடுத்த நொடி பூச்சி இருக்காது. அந்தத் தலைச்சாய்ப்பைப் பார்த்துவிட்டால் உங்கள் மகன் சிரிஞ்சை மறந்துவிடுவான்.

காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரமாவது அதன் கீழே சூடு காய்ந்தபின் முதல் வேளை. நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு சாப்பிடுகிறதோ அவ்வளவு. சுகமான குட்டி நாளைக்கு 20, 30 குட்டிப் பூச்சி சாப்பிடுவது சாதாரணம், ஆனால் உங்களுடையதிடம் அதை இந்த வாரமே எதிர்பார்க்காதீர்கள், நாலிலிருந்து ஆறு ஏழு என்று ஏறினாலே நல்லது. கடைசி வேளைக்குப் பின் இரண்டு மணி நேரமாவது விளக்கு எரிய வேண்டும், செரிப்பதற்கு. மிஞ்சிய கிரிக்கெட்டைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், இரவில் அது தூங்கும் குட்டியைக் கடிக்கும். டி3 கலக்காத கல்சியத்தைத் தினமும் ஒரு வேளைக்குத் தூவுங்கள், டி3 சேர்ந்ததை வாரத்துக்கு இரண்டு முறை, மல்டிவிட்டமினை ஒரு முறை. டி3 கூடிப்போனாலும் ஆபத்துதான், அதனால் எல்லாவற்றிலும் எல்லாவற்றையும் தூவ வேண்டாம்.

கண் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உடம்பில் தண்ணீர் குறைவு. இளஞ்சூட்டுத் தண்ணீரில், தோளுக்கு மேலே ஏறாமல், பத்து நிமிடம், கையை எடுக்காமல் குட்டியை இருக்கவிடுங்கள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு விட்டால் நக்கிக் குடிக்கும், இது ஊட்டுவது அல்ல, பயமில்லாமல் செய்யலாம். கூட்டுக்குள் மட்டும் தண்ணீர் தெளிக்காதீர்கள், கொழும்புக் காற்றில் இருக்கும் ஈரமே அதற்குக் கூட.

இடம் மாறிய குட்டி ஒன்றிரண்டு வாரம் சுருங்கிப்போய் இருப்பதும் உண்டு. பக்கத்துக் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று பார்த்துப் பயப்படும், மூன்று பக்கம் கடதாசி ஒட்டிவிடுங்கள். தோல் உரிக்கும் நாட்களில் பசி குறையும். இதெல்லாம் தானாகத் தீரும்.

ஒரு கொப்பி போட்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பாட்டுக்கு முன், நிறையை எழுதச் சொல்லுங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது மாதிரி கிராமின் பத்திலொரு பங்கு காட்டும் சின்னத் தராசு நல்லது, 11 கிராம் உயிருக்கு அரைக் கிராம் கூடுவது பெரிய செய்தி. மூன்று மாதம் தாண்டிய குட்டி 20 செ.மீ.யைக் கடந்திருக்க வேண்டும், உங்களுடையது பின்தங்கியிருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் சின்னதாக இருப்பது நோயல்ல, வளராமல் நிற்பதுதான் கவலை. நிறை ஏறிக்கொண்டே போனால் மற்றக் குட்டிகளோடு ஒப்பிடாதீர்கள். சில முழு அளவுக்கு வந்துவிடும், சில கொஞ்சம் சிறிதாகவே நின்று நல்ல சுகத்தோடு பல வருடம் வாழும்.

எல்லாம் சரிசெய்து இரண்டு வாரமாகியும் நிறை ஏறவில்லை, அல்லது இடையிலேயே குறைகிறது என்றால் மலப் பரிசோதனை. கொக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் ஊசிப்புழுவும் இவற்றில் மிகவும் சாதாரணம், அவை பெருகிவிட்டால் சாப்பிட்டாலும் குட்டி மெலியும், மலம் தண்ணியாகி நாற்றமடிக்கும். அன்றைய மலத்தைச் சின்னப் போத்தலில் போட்டு, உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிரூட்டியில் வைத்து, ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொடுங்கள். பூச்சி மருந்தை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம், 11 கிராமுக்கு அளவு தவறினால் திருத்த வழியில்லை.

கேள்வி: ஒரே நாளில் வாங்கிய இரண்டு குட்டிகள். ஒன்று மளமளவென்று வளர்ந்துவிட்டது, மற்றது அதில் பாதிதான். ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் தூங்கும், அவ்வளவு பாசம். சின்னதற்கு ஒரு விரல் நுனியைக் காணவில்லை, எங்காவது மாட்டியிருக்குமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, இன்று ராத்திரிக்கு முன் பிரித்துவிடுங்கள். அது பாசமில்லை. இவை தனியாக வாழும் உயிர்கள், மேலே ஏறிப் படுப்பது நல்ல இடத்தையும் சூட்டையும் பிடித்துக்கொள்வதற்கு. விரல் நுனியைப் பெரும்பாலும் பெரியதுதான் கடித்திருக்கும், அடுத்தது வால் நுனியாக இருக்கும். பெரியது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை சின்னது வெயில் காயவும் தயங்கும், பூச்சியைத் துரத்தவும் தயங்கும், தொட்டி நிறையப் பூச்சி போட்டாலும் மெலிந்துதான் போகும். இரண்டாவது கூடு வாங்கும்வரை பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் மூடியை வெட்டி வலை போட்டுக்கொள்ளலாம், ஆனால் பல்ப்பும் யூவிபி விளக்கும் தனித்தனியாக வேண்டும். பல்ப் பிளாஸ்டிக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவே அட்டை வையுங்கள். கடிபட்ட இடத்தைத் தண்ணீர் கலந்து ஐதாக்கிய பொவிடோன் அயடினால் துடைத்து, கறுத்துக்கொண்டு மேலே ஏறுகிறதா என்று தினமும் பாருங்கள். ஏறினால் வைத்தியர்தான்.

கேள்வி: நான் 10ஆம் வகுப்பு படிக்கிறேன். கடையில் பூச்சி வாங்கக் காசு கட்டுப்படியாகவில்லை. வீட்டுத் தோட்டத்தில் வெட்டுக்கிளி, கரப்பான், மின்மினி எல்லாம் பிடித்துக் கொடுக்கலாமா? அம்மா வாங்கும் கீரைகளில் எது நல்லது?
— தெஹிவளை மாணவர்

பதில்: மின்மினி கூடவே கூடாது தம்பி. சில மின்மினி இனங்களின் உடம்பில் உள்ள நஞ்சு பியர்டட் டிராகனைக் கொன்றிருக்கிறது, எந்த மின்மினி பாதுகாப்பானது என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வீட்டுக் கரப்பானும் தோட்டத்து வெட்டுக்கிளியும் வேறு ஆபத்து: டெங்குக்கு ஒழுங்கைகளில் புகை அடிக்கிறார்கள், பக்கத்து வீட்டில் பூச்சி மருந்து தெளிக்கிறார்கள், அந்த நஞ்சு பூச்சியோடு சேர்ந்து உள்ளே போகும். குட்டி இருக்கும் அறையில் நுளம்புச் சுருள் கொளுத்துவதையும் நிறுத்திவிடுங்கள். காசுக்கு வழி, நீங்களே வளர்ப்பது. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, முட்டை அட்டை, ஈரமான தென்னந்தும்பு போட்ட சின்னக் கிண்ணம், இருபது முப்பது பெரிய கிரிக்கெட். அவை தும்பில் முட்டையிடும், கொழும்புச் சூட்டில் இரண்டு வாரமளவில் எள்ளளவு குஞ்சுகள் வெளியே வரும். அவை கொஞ்சம் வளர்ந்ததும் குட்டி டிராகனுக்குப் பொருத்தமான அளவுக்கு வரும்.

கீரையில் வல்லாரை, முருங்கை இலை, பக்சோய், செவ்வரத்தம் பூவும் இளம் இலையும், துருவிய பூசணி. கங்குன் இடைக்கிடை. பொன்னாங்காணியும் பசளியும் தினமும் வேண்டாம், அவற்றில் உள்ள ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சலாது இலையில் தண்ணீரைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. அவகாடோ எந்த அளவிலும் கூடாது. எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி, பொடியாக நறுக்கி, காலையில் வையுங்கள். குட்டியில் பல இலையைச் சட்டை செய்யாது, ஆனாலும் தினமும் வையுங்கள், இரண்டு புழுவை இலைமேல் நெளியவிட்டால் கவ்வும்போது இலையும் வாய்க்குள் போய்ப் பழகும்.

கேள்வி: என் பேரனின் டிராகனுக்கு இரண்டு நாளாகக் கால் விரல்கள் துடிக்கின்றன, வயிற்றை இழுத்துக்கொண்டு நகர்கிறது. நான் குடிக்கும் கல்சியம் மாத்திரையைத் தூளாக்கிக் கொடுக்கலாமா?
— மட்டக்குளி வாசகி

பதில்: அம்மா, மாத்திரை வேண்டாம். அதில் டி3 எவ்வளவு, வேறென்ன கலந்திருக்கிறது என்பதெல்லாம் மனிதருக்காகப் போட்ட கணக்கு. விரல் துடிப்பதும் உடம்பைத் தூக்க முடியாமல் இழுப்பதும் எலும்பிலிருந்து கல்சியம் போய்க்கொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம், குடல் அடைப்பிலும் பின்னங்கால் இப்படித் தளரும். எதுவென்றாலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது, இன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். நேரத்தோடு போனால் பல குட்டிகள் தேறிவிடும், வளைந்த எலும்பு முழுதாக நிமிராவிட்டாலும். தோளில் ஏற்றிக்கொண்டு போகாமல் துவாய் விரித்த சின்னப் பெட்டியில் வைத்து, கீழே விழாமல் கொண்டுபோகட்டும். கூட்டையும் விளக்குப் பெட்டியில் எழுதியிருப்பதையும் பேரனின் போனில் படமெடுத்து வைத்திருந்தால், வைத்தியர் முதலில் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் காட்டலாம்.